ஆர்எக்ஸ்-8 பிரேக்: முன்னுக்கு மட்டும் மாற்றுவதா, நான்கையும் மாற்றுவதா?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். என்னிடம் மெனுவல் கியர் மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று உள்ளது. வார நாட்களில் காலி வீதி நெரிசலிலும், வாய்க்கும்போது கட்டுகுருந்த ஓட்டத்தடத்திலும் ஓட்டுகிறேன்; விடுமுறையில் நுவரெலியா செல்வதும் உண்டு. சென்ற முறை கட்டுகுருந்தவில் சில சுற்றுகளுக்குப் பின்னர், பெடல் இறுக்கமாகவே இருந்தும், எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையத் தயங்கியது. முன்னைய உரிமையாளர் போட்ட சாதாரண பேட்களே (சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை உராய்ந்து நிறுத்தும் கட்டைகள்) இன்னும் உள்ளன. முன் சக்கரங்களுக்கு 355 மில்லிமீற்றர் டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் கலிப்பரும் (பிஸ்டன்களால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போட்டால் போதும் என்கிறார் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் ஒருவர். நான்கையும் மாற்றாவிட்டால் பயனில்லை என்கிறார் கராஜ் பாஸ். செலவு ஏறக்குறைய இரு மடங்காகும் என்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் (கொட்டாஞ்சேனை)

தம்பி, நீங்கள் எழுதியதில் மிக முக்கியமானது பெடல் இறுக்கமாக இருந்தது என்பதே. பிரேக் ஒயில் கொதித்திருந்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகிப் பெடல் பஞ்சுபோல அமுங்கியிருக்கும். பெடல் இறுகியிருந்தும் கார் நிற்கவில்லையென்றால், பேட் தன் வெப்ப எல்லையைக் கடந்து உராய்வை இழந்திருக்கிறது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது பேட்டை. 18 அங்குல அலொய் வீலுடன் வந்த ஆர்எக்ஸ்-8 இல் முன்னே 323, பின்னே 302 மில்லிமீற்றர் டிஸ்க்குகள் உள்ளன. ஏறக்குறைய 1,300 கிலோ எடையுள்ள காருக்கு இவை சிறியவை அல்ல.

இனி முன்-பின் சமநிலையைப் பார்ப்போம். இந்தக் காரின் எடை இரு அச்சுகளுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பகிரப்பட்டுள்ளது. அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.7 மீற்றர். ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், உலர்ந்த வீதியில் முழுப் பிரேக் போடும்போது மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு முன்னுக்கு நகர்கிறது. அதாவது அந்தக் கணத்தில் முன் டயர்கள் மூன்றில் இரண்டு பங்கையும் பின் டயர்கள் மீதியையும் தாங்குகின்றன. பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும் என்பதால், தயாரிப்பாளர்கள் பிரேக் விசையைச் சற்று முன்னுக்கே சாய்த்து வைப்பார்கள். விசைப் பங்கீடு 70:30 ஆக உள்ள ஒரு காரில் முன் விசையை மட்டும் 15 சதவீதம் கூட்டினால் அது 73:27 ஆகிவிடும். முன் டயர்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்கூட்டியே வேலை செய்யத் தொடங்கும். பின் டயர்களின் பிடிப்பு பயன்படாமல் கிடக்கும். நிற்கும் தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் மின்னணுப் பங்கீட்டு அமைப்பு இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பின் அழுத்தத்தைக் குறைக்கத்தான் வல்லது. நீங்கள் காலால் கொடுத்ததற்கு மேல் கூட்டாது.

அதற்காக, முன்னுக்கு மட்டும் மாற்றுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். டிஸ்க்கின் விட்டத்தைக் கூட்டும் அளவுக்குப் பிஸ்டன் பரப்பைக் குறைத்து, பழைய சமநிலையைக் காத்தபடி வெப்பக் கொள்ளளவை மட்டும் கூட்டும் தொகுதிகள் உண்டு. ஆறு பிஸ்டன் என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிஸ்டன்களின் விட்டம் என்ன, இந்த மாதிரிக்காகவே கணக்கிடப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். பேட்டுக்கும் இதே விதிதான்: கடும் உராய்வுள்ளதை முன்னுக்கு மட்டும் போட்டாலும் சமநிலை மாறும்.

பதில் (தெஹிவளை)

நான்கையும் மாற்ற எண்ணுபவர்கள் ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். இந்தக் காரில் அது பின் கலிப்பருடனேயே இணைந்திருக்கிறது. பந்தயத்துக்கான பின் கலிப்பர்கள் பலவற்றில் அந்த ஏற்பாடே இல்லாததால், தனியாக ஒரு சிறிய கலிப்பர் பொருத்த நேரிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகைப் பேட்டும் புதிய பிரேக் ஒயிலும் போட்டுப் பார்க்கிறேன். பந்தயப் பேட்டையே வாங்கிவிடலாமா? மலைப்பாதைக்கும் அது போதுமா?

பதில் (கொட்டாஞ்சேனை)

முழுப் பந்தயப் பேட் சூடேறிய பின்னரே நன்றாகப் பிடிக்கும். காலி வீதியில் குளிர்ந்த நிலையில் ஒரு முச்சக்கர வண்டி குறுக்கிட்டால் அது ஆபத்து. வீதிக்கும் ஓட்டத்தடத்துக்கும் பொதுவான வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆட்களுடன் 1,400 கிலோவாகும் கார் நுவரெலியாவிலிருந்து 1,400 மீற்றர் கீழிறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து சுமார் 35 தடவை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயர்களும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும், இந்தக் காரின் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதிலாக ரோட்டர் சுழல்வது) கியரில் குறைவாகவே இழுத்துப் பிடிக்கும் என்பதால் றம்பொடை வளைவுகளில் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். டொட் 4 தரப் பிரேக் ஒயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 155 பாகைதான். கொழும்பின் ஈரக்காற்றில் ஆண்டுக்கொரு முறையேனும் அதை மாற்றுவது நல்லது.

புதிய பேட் போட்டதும், அதிகாலையில் வெறிச்சோடிய வீதியொன்றில், முழுமையாக நிறுத்தாமல் பல முறை வேகத்தைக் குறைத்துச் சூடேற்றி, அதன் பிறகு பிரேக்கையே தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம். பேட்டின் படிவு டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டி, பிறகு ஸ்டியரிங் அதிரும்.