டெலிவரி வண்டியில் மாட்டும் போன்: 18 சதவீதத்திலேயே அணைந்துவிடுகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?

வேலூர்_வண்டி (கேள்வி)

ஆண்ட்ராய்டு போன், வாங்கி ரெண்டு வருஷம். 5,000 எம்ஏஎச், அமோலெட் திரை, 33 வாட் சார்ஜர். உணவு டெலிவரிக்குப் பயன்படுது. காலை 9லிருந்து ராத்திரி 10 வரைக்கும் ஹேண்டில்பார்லதான் இருக்கும், மேப் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு சிம், ரெண்டுமே 5ஜி.

மத்தியானம் 2 மணிக்குள்ள 20%க்கு வந்துடுது. அதைவிடப் பெரிய தொல்லை, 18, 20 இருக்கும்போது டெலிவரி போட்டோ எடுக்க கேமராவைத் திறந்தா பட்டுன்னு அணைஞ்சிடுது. சார்ஜர் போட்டு ஆன் பண்ணா மறுபடி 15ன்னு காட்டுது.

ஒரு கடையில சாஃப்ட்வேர் போடணும்ங்கிறாங்க, இன்னொரு கடையில பேட்டரி மாத்தணும்ங்கிறாங்க. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாத்தினா அடுத்ததாவது நிலைக்க என்ன செய்யணும்? வண்டியில யூஎஸ்பி சார்ஜர் மாட்டலாமா?

---

ஓம்_விதி

சீக்கிரம் தீர்றதும் 18ல அணையறதும் தனித்தனி வியாதி. முதலாவது செலவுக் கணக்கு, அதை செட்டிங்ல ஓரளவு சரிபண்ணலாம். ரெண்டாவது செல்லோட, அதாவது பேட்டரிக்குள்ள இருக்கற மின்கலத்தோட மூப்பு. அதுக்கு எந்த செட்டிங்கும் மருந்து கிடையாது.

லித்தியம் செல் பழசாகும்போது கொள்ளளவு குறையும், கூடவே உள் மின்தடை ஏறும். எல்லாரும் கொள்ளளவைத்தான் பேசுவாங்க, ஆனா போனைத் திடீர்னு அணைக்கிறது மின்தடைதான். 20% இருக்கும்போது செல் 3.65 வோல்ட்ல இருக்குன்னு வைங்க. கேமரா, ஃபிளாஷ், வெயிலுக்காக முழு வெளிச்சத்துல திரை, போட்டோ அப்லோடு எல்லாம் ஒரே நேரத்துல சேர்ந்தா 2 ஆம்பியர் இழுக்கும். மின்தடை 0.08 ஓம் இருந்தா விழறது 0.16 வோல்ட், போனுக்கு உறைக்கவே உறைக்காது. அதுவே 0.25 ஓமா ஏறியிருந்தா அரை வோல்ட் விழுந்து 3.15க்கு வந்துடும். அந்த அளவுல போன் கையை விரிச்சிடும். இழுவை நின்னதும் வோல்டேஜ் பழையபடி எழும்பும், அதனாலதான் மறுபடி 15ன்னு காட்டுது. 2017ல ஆப்பிள் பழைய ஐபோன்களோட வேகத்தைக் குறைச்சதுன்னு சண்டை நடந்ததே, அதுக்கு அடியில இருந்ததும் இதேதான். ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 10.2.1 உச்ச இழுவையைக் கட்டுப்படுத்தினதே பழைய செல் இப்படி அணையாம இருக்கத்தான்.

கடைக்காரர் சொல்ற சாஃப்ட்வேர் சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கலாம். போன் காட்டுற சதவீதம் ஒரு மதிப்பீடுதான். உள்ளே போற, வெளியே வர்ற மின்னோட்டத்தைக் கூட்டிக் கழிச்சு, வோல்டேஜோட ஒப்பிட்டுச் சொல்றது. அது தடம் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு தடவை போன் தானா அணையற வரைக்கும் ஓட்டுங்க. அணைச்ச நிலையிலேயே 100 வரை சார்ஜ் ஏத்தி, இன்னும் ஒரு மணி நேரம் விட்டுட்டு எடுங்க. அதுக்கப்புறமும் 20க்கு மேலேயே கேமராவில அணைஞ்சா செல் போயாச்சு. இந்த வேலையால பேட்டரி பலம் கூடாது, அளவுமானி மட்டும்தான் சரியாகும். மாசாமாசம் செய்யச் சொல்றவங்களை நம்பாதீங்க.

கொள்ளளவை எண்ணாவே பார்க்கணும்னா அக்யூபேட்டரி மாதிரி செயலியைப் போட்டு, 15லிருந்து 100 வரை தடையில்லாம ரெண்டு மூணு தடவை ஏத்துங்க. உள்ளே போன எம்ஏஎச்சை வச்சு மொத்தக் கொள்ளளவைச் சொல்லும். 40லிருந்து 60 மாதிரி துண்டு துண்டா ஏத்தினா அந்தக் கணக்கு தாறுமாறா வரும். 4,000க்குக் கீழ காட்டினா மாத்துற நேரம்.

ரெண்டு வருஷத்துல இப்படி ஆனது அதிசயம் இல்ல. ஒரு சுழற்சின்னா மொத்தமா 100% செலவு; பாதிப் பாதியா ரெண்டு தடவை போனாலும் ஒண்ணுதான். நீங்க தினம் ஒண்ணேகால் சுழற்சி ஓட்டுறீங்க, ரெண்டு வருஷத்துக்கு 900ஐத் தொடும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20லிருந்து அங்கே விக்கிற போன்களுக்கு வச்ச விதியே 800 சுழற்சிக்கு அப்புறம் 80% மிஞ்சணும்கிறதுதான். உங்க போன் அந்தக் கணக்கைத் தாண்டியாச்சு, அதுவும் வெயில்ல.

---

கோபுர_நிழல்

செல் விஷயம் மேலே சொல்லியாச்சு. 2 மணிக்குள்ள தீர்றதுக்கு வர்றேன்.

முதல்ல ஒரு ராத்திரி சோதனை. படுக்கும்போது ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைச்சு, சதவீதத்தைக் குறிச்சு வைங்க. எட்டு மணி நேரத்துல 1லிருந்து 3% குறைஞ்சா நல்லது. மறுநாள் ராத்திரி ரெண்டு சிம்மோட அதே சோதனை. அதுக்கடுத்த ராத்திரி ஒரே சிம். ஏரோபிளேன் மோட்லயே 10% போச்சுன்னா ஏதோ செயலி உள்ளே தூங்காம கிடக்கு, இல்லைன்னா செல்லே தானா சார்ஜை இழக்குது. சிம் போட்ட ராத்திரியில மட்டும் போச்சுன்னா சிக்னல்தான் தின்னுது.

பெரும்பாலும் சிக்னலாத்தான் இருக்கும். செல்போன் கோபுரம் தள்ளிப் போகப் போக போன் சத்தமாக் கத்தணும், அதாவது அனுப்புற சக்தியை ஏத்திக்கிட்டே போகணும். 5ஜி வந்து வந்து போற இடத்துல ரெண்டு வலையமைப்புக்கும் நடுவுல தாவிக்கிட்டே இருக்கும். டெலிவரி செயலிக்கு 4ஜி தாராளம். டேட்டா சிம்மை 4ஜிக்கு மாத்துங்க. இன்னொரு சிம் வேலை நேரத்துல தேவையில்லைன்னா செட்டிங்லயே அணைச்சு வைங்க. சிக்னல் இல்லாத ரெண்டாவது சிம் நாள் முழுக்க கோபுரம் தேடிக்கிட்டே கிடக்கும்.

அடுத்தது திரை. ஜிபிஎஸ்தான் பேட்டரியைத் தின்னுதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ஜிபிஎஸ் சில்லு இழுக்கிறது சொற்பம். வெயில்ல முழு வெளிச்சத்துல எரியற திரைதான் முதல் எதிரி. மேப்ல குரல் வழிகாட்டுதலை ஆன் பண்ணி, ஒரு காதுல மட்டும் இயர்போன் போட்டு, நேர்ச்சாலையில திரையை அணைச்சிடுங்க. திரை அணைஞ்சாலும் குரல் வரும். ஊர் மேப்பை வைஃபையில ஆஃப்லைனா இறக்கி வைங்க. திரை 120 ஹெர்ட்ஸ்ல இருந்தா 60க்கு இறக்குங்க.

இருண்ட தீம், கறுப்பு இடம் எரியாத அமோலெட் திரையிலதான் பயன் தரும், அதுவும் வெளிச்சம் எவ்வளவுங்கிறதைப் பொறுத்தது. பர்டியூ பல்கலைக்கழகம் 2021ல அளந்து பார்த்ததுல, 30லிருந்து 50% வெளிச்சத்துல மிச்சம் 3லிருந்து 9%தான். முழு வெளிச்சத்துல 39லிருந்து 47%. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு அது அலங்காரம், உங்களுக்கு அது காசு. மேப்பையும் இருண்ட தீம்லயே வைங்க, வெயில்ல எழுத்து தெரியற வரைக்கும்.

பேட்டரி செட்டிங்ல ஒரு எச்சரிக்கை. டெலிவரி செயலியைக் கட்டுப்பாடு இல்லாதது என்ற பிரிவுல வைங்க. அதைக் கட்டிப் போட்டா ஆர்டர் தாமதமா வரும். ஷாப்பிங், ரீல்ஸ், செய்தி செயலிகளை மட்டும் கட்டுப்படுத்துங்க, அதுங்களோட இருப்பிட அனுமதியைப் பயன்படுத்தும்போது மட்டும்னு மாத்துங்க. ரேம் சுத்தம் பண்ற செயலி இருந்தா இன்னிக்கே தூக்கிடுங்க. அது மூடற ஒவ்வொரு செயலியும் மறுபடி முதல்லேருந்து திறக்கும்போது கூடுதலா செலவாகும்.

---

வேலூர்_வண்டி

நன்றிங்க ரெண்டு பேருக்கும். சார்ஜை 80லயே நிறுத்துற செட்டிங் என் போன்ல இருக்கு. புது பேட்டரி போட்டதும் அதை ஆன் பண்ணிடவா?

---

கத்திரி_வெயில்

உங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். 80ல நிறுத்தறது மேசையில வேலை பார்க்கிறவங்களுக்குத் தங்கமான செட்டிங். நாள் முழுக்க ரோட்ல இருக்கறவருக்கு அதோட பொருள், ரெண்டு வருஷம் கழிச்சு வரவேண்டிய குறையை முதல் நாளே தானா வரவழைச்சுக்கறது.

100ஐத் தொட்டதும் செல் செத்துடாது. 100லயே மணிக்கணக்கா நிக்கறதும், அந்த நேரத்துல சூடா இருக்கறதும்தான் அரிக்கும். முழு சார்ஜ்ல செல் 4.4 வோல்ட் பக்கம் நிக்கும். அந்த அழுத்தத்துல, சூட்டுல, உள்ளே இருக்கற மின்பகு திரவம் சிதைஞ்சு மின்முனை மேல படலமாப் படியும். கொள்ளளவு குறையறதும் மின்தடை ஏறறதும் அதனாலதான். ராத்திரி 11க்கு 33 வாட் சார்ஜரைச் சொருகினா ஒண்ணேகால் மணியில நிறைஞ்சு, விடியற வரைக்கும் 100ல தவம் கிடக்கும். காலையில 7 மணிக்குச் சொருகி, கிளம்பும்போது எடுங்க. எழுந்திருக்கும் நேரத்துக்குச் சரியா நிறைக்கிற தகவமைப்பு சார்ஜிங் இருந்தா அதை ஆன் பண்ணினாலும் சரி. கேஸைக் கழட்டி வைங்க, தலையணை மேல வைக்காதீங்க.

அசல் வில்லன் ஹேண்டில்பார்தான். ஏப்ரல், மே மாசத்துல வேலூர் நிழல்லயே 40 டிகிரியைத் தாண்டும். கறுப்பு போன் நேர் வெயில்ல, மேப் ஓடிக்கிட்டு, மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள்ளயே இருந்தா பேட்டரி 45 டிகிரியை அநாயாசமாத் தாண்டும். 45க்கு மேல பெரும்பாலான போன்கள் சார்ஜ் ஏத்துறதையே குறைக்கும் அல்லது நிறுத்தும். அதைச் சார்ஜர் கோளாறுன்னு நினைச்சு இன்னும் பெரிய சார்ஜர் வாங்கறவங்க உண்டு. மழைக்காலம் போனதும் அந்தப் பையைக் கழட்டுங்க, சின்ன வெயில் மறைப்பு மாட்டுங்க. சூடான போனை ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ளே நீர் பூக்கும்.

பவர் பேங்க் வாங்கினா 10,000ன்னு போட்டிருக்கிறதை அப்படியே கணக்குல எடுக்காதீங்க. உள்ளே 3.7 வோல்ட்ல 37 வாட் மணி. 5 வோல்ட்டா மாத்தும்போது ஒரு பங்கு, போனுக்குள்ள ஏறும்போது ஒரு பங்கு சூடாப் போயிடும். உங்க 5,000 பேட்டரிக்கு ஒண்ணேகால் தடவை தேறும். மத்தியானம் ஆர்டருக்காக நிழல்ல காத்திருக்கும்போது 30லிருந்து 70 வரை ஏத்திக்கிட்டா போதும்.

---

பன்னிரண்டு_வோல்ட்

வண்டி சார்ஜர் மாட்டலாம், மாட்டுற விதத்துல மாட்டினா. இக்னிஷன் ஸ்விட்சுக்கு அப்புறம் வர்ற லைன்ல எடுங்க. நேரா பேட்டரியில கொடுத்தா வண்டி நிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே இருக்கும், நாலு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்காது. பாசிட்டிவ் ஒயர்ல, இணைப்பு எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். ஹேண்டில் திரும்பும்போது ஒயர் நசுங்கித் தேயற இடம் ஒண்ணு கட்டாயம் இருக்கும், ஃபியூஸ் அதுக்குத்தான்.

18 வாட் சார்ஜர் முழுசா ஓடினா வண்டியிலிருந்து 1.7 ஆம்பியர் எடுக்கும். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல ஹெட்லைட் எப்பவும் எரியும், 100 சிசி வண்டி சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது மிச்ச மின்சாரம் ரொம்பக் கம்மி. 10 வாட் போதும். மேப் ஓடும்போது போன் 3, 4 வாட் எடுக்கும், மீதி மெதுவா ஏறும், சூடும் குறைவு. 1 ஆம்பியர் மலிவுச் சார்ஜரும் மெல்லிசு கேபிளும் சேர்ந்தா, சார்ஜிங்னு காட்டிக்கிட்டே சதவீதம் இறங்கும்.

இன்னொண்ணு: 2021ல ஆப்பிளே எச்சரிச்சது, பைக் என்ஜின் அதிர்வு கேமராவோட ஓஐஎஸ்ஸை, அதாவது கை நடுக்கத்தைச் சரிக்கட்டுற பகுதியைக் கெடுக்கும்னு. அதிர்வு தாங்குற ரப்பர் வச்ச மவுன்ட்டா வாங்குங்க.

---

ஸ்பட்ஜர்

மாத்தறதா முடிவானா முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விலை கேளுங்க. வெளியே போடறதா இருந்தா, லேபிள்ல பேட்டரிக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046ம் ஆர்னு தொடங்குற பதிவெண்ணும் இருக்கணும். அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் செயலியில போட்டா எந்தத் தயாரிப்பாளர்னு காட்டும். 5,000 எம்ஏஎச் செல் 65, 70 கிராம் இருக்கும். அதே அளவு எழுதி 45 கிராம்தான் இருந்தா உள்ளே என்னன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

பின்மூடியைச் சூடு காட்டித்தான் திறப்பாங்க. நீர் தடுக்கும் பசை அதோட போச்சு, புதுப் பசை ஒட்டச் சொல்லிக் கேளுங்க, இல்லைன்னா அடுத்த மழையில போன் பையிலதான் இருக்கணும். பழைய செல்லை இரும்புத் தகடு விட்டு நெம்புறதைப் பார்த்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க. ஓட்டை விழுந்தா கடையிலயே தீப்பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு ஓரத்துல விட்டா பசை இளகும், பிளாஸ்டிக் அட்டையே போதும்.

இப்பவே பின்மூடி லேசா எழும்பியிருக்கா, திரை ஓரத்துல வெளிச்சம் கசியுதான்னு பாருங்க. இருந்தா மேலே சொன்ன சோதனை எதையும் செய்யாதீங்க. உப்பின செல்லைச் சார்ஜ்ல போடக்கூடாது, அணைச்சு நேரா கடைக்கு எடுத்துட்டுப் போங்க.