அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் எங்கே போயின?

வினா (கோபிசெட்டிபாளையம்):
எங்கள் தோட்டத்து அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளிதழ் ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டியிருந்ததைக் கண்டு வியந்தேன். ஜப்பானின் அடுக்குச் செர்ரி மலர்களும் இவ்வாறுதான் உருவாகின்றனவா?

மறுமொழி (பொள்ளாச்சி):
ஆம் ஐயா. தாங்கள் கண்டது, இதழாக மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன மகரந்தத் தாள். பூவின் உறுப்புகளை ஏ, பி, சி என்னும் மூவகை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 1991இல் ஆய்வாளர்கள் கோயனும் மேயரோவிட்சும் வெளியிட்ட ஏபிசி கோட்பாட்டின்படி, சி வகை மரபணுவான அகாமஸ் செயலிழந்தால், மகரந்தத் தாள்களின் இடத்தில் இதழ்களும், சூலகத்தின் இடத்தில் மற்றொரு பூவும் தோன்றும். அடுக்குச் செர்ரி ஒன்றில், அம்மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ., எக்ஸான் எனப்படும் துண்டுகளில் ஒன்றை விட்டுவிட்டு இணைக்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எத்தனை சிறிய விடுபாடு, எத்தனை பெரிய அழகு!

மறுமொழி (ஈரோடு):
ரோஜாவில் வழி வேறு. அங்கே ஏபி2 என்னும் ஏ வகை மரபணுவை ஒத்த ஒன்று, தன்னை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.வின் பிடியிலிருந்து தப்பி, பூவில் அகாமஸ் செயல்படும் எல்லையைச் சுருக்கிவிடுகிறது. மகரந்தத் தாள்கள் குறைவதால் விதையும் அரிதாகிறது. எனவேதான் அடுக்கு வகைகளைப் பதியனிட்டோ ஒட்டுக்கட்டியோ பெருக்குகிறோம்.