தினம் பார்க்கும் இடத்தில் படம் தேடுவது எப்படி?

நண்பர்களே, ஓர் உதவி. மூன்று மாதமாக வீட்டைச் சுற்றியே படம் எடுக்கிறேன். பொருள் அப்படியே பதிவாகிறது. என் மனதில் பட்டது படத்தில் வருவதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம், முறுக்கி நிற்கும் மனித உடல் போலவே இருக்கும். எனக்கு அந்தப் பார்வைதான் வேண்டும்.

நேற்று மாலை மாடிப்படிச் சுவரில், காரை பெயர்ந்த இடத்தில் சாய்வெயில் விழுந்தது. ஒரு கணம் அலை ஒதுங்கிய கரை போலத் தெரிந்தது. 50 எம்எம் லென்ஸில் எடுத்தேன். திரையில் பார்த்தால் வெறும் சுவர்! இன்னும் நெருங்கியிருக்க வேண்டுமா? கருப்பு வெள்ளையா? அப்புறம், ஓரங்களில் எதை வெட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? பழகிய இடத்தில் நீங்கள் எடுத்த ஒரு படத்தையும், எடுக்கும்போது என்ன தோன்றியது என்பதையும் பகிருங்களேன்.