மினி டிவி ரேப் 11, ஹை8 ரேப் 3: கொம்பியூட்டருக்கு எடுக்கிறது எப்பிடி?

மூத்தவள், வெள்ளவத்தை

அப்பா கட்டாரில வேலை செய்யேக்க 2003இல ஒரு சோனி ஹண்டிகாம் வாங்கினவர். லீவில வரேக்கயெல்லாம் அதையும் காவிக்கொண்டு வருவார். அதில எடுத்த மினி டிவி (DV எண்ட சின்ன வீடியோக் கசற்) ரேப் 11, அதுக்கு முந்தின கமராவில எடுத்த ஹை8 ரேப் 3, எல்லாம் பிஸ்கட் ரின்னுக்குள்ள அலுமாரிக்கு மேல கிடந்தது. அப்பான்ர ஆண்டுத்திவசம் முடிஞ்ச கையோட இறக்கினன். லேபிள் எல்லாம் அவற்ர நீலப்பேனை எழுத்து. ஒண்டில "சின்னவள் சாமத்திய வீடு 2004", இன்னொண்டில வெறும் "மழை".

கமரா இன்னும் வேலை செய்யுது. அதோட வந்த யூ.எஸ்.பி வயரை லப்ரொப்பில குத்தினால் படம் முத்திரை அளவில விக்கி விக்கி ஓடுது. காலி வீதியில ஒரு கடையில போய் மினி டிவி எண்டன், பெடியன் சின்ன ரீவி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிட்டான். இன்னொரு கடையில "மழை" ரேப்பைக் குடுத்தன். தந்த டிவிடியில படம் கலங்கிக் கிடக்கு, கீழ கடையின்ர பேரும் ஃபோன் நம்பரும் ஓடுது. அதையும் பொறுக்கலாம். அப்பா ஒரு ரேப்பிலயும் முகம் காட்டேல்ல, கமராவுக்குப் பின்னால குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்கு மேல சினிமாப் பாட்டுப் போட்டு வைச்சிருக்கிறாங்கள்!

நல்லகாலம் ரேப்பைத் திருப்பித் தந்தவை. மிச்சத்தை நானே எடுக்கலாமோ?

தெஹிவளைப் பெடியன்

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் குத்துற சின்ன யூ.எஸ்.பி கப்சர் துண்டு ஒண்டு புறக்கோட்டையில வாங்குங்கோ அக்கா. நான் அதிலதான் வீட்டு வீ.எச்.எஸ் எல்லாம் எடுத்தனான். அரை மணித்தியாலம் போனால் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும், மற்றபடி சோக்கு.

கொட்டாஞ்சேனை வீடியோக்காரன்

தம்பி, வீ.எச்.எஸ்ஸுக்கு அது சரி. இதுக்கு வேண்டாம்.

தங்கச்சி, மினி டிவி ரேப்பில இருக்கிறது முதலே டிஜிட்டல். மஞ்சள் வயரால எடுத்தால் அதை அனலொக் ஆக்கி, பிறகு திரும்ப டிஜிட்டல் ஆக்கிறீங்கள். சோத்தைக் கஞ்சியாக்கிப் போட்டு வடிச்சுச் சோறு தேடுற மாதிரி. கமராவில "டிவி" இல்லாட்டி "ஐ.லிங்க்" எண்டு எழுதின குட்டி ஓட்டை ஒண்டு இருக்கும், 4 பின். அதுதான் ஃபயர்வயர். அதால ரேப்பில உள்ளது உள்ளபடி வரும். எங்கட பால் (PAL) ரீவி முறைப்படி படம் 720க்கு 576 புள்ளி, மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. உங்கட 11 ரேப்புக்கும் 150 ஜி.பி ஒதுக்குங்கோ. 60 நிமிச ரேப் 60 நிமிசம்தான் ஓடும், தேத்தண்ணி ஊத்திக்கொண்டு பக்கத்தில இருங்கோ. எடுத்த நாளும் நேரமும் கூட ரேப்பில பதிஞ்சிருக்கு, ஃபயர்வயரால எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும்.

இப்பத்த லப்ரொப்பில அந்த ஓட்டை இராது. ஒரு நுனி ஃபயர்வயர், மற்ற நுனி யூ.எஸ்.பி எண்டு மலிவாய் ஒரு வயர் ஒன்லைனில விக்கிறாங்கள். வாங்காதீங்கோ. நுனி பொருந்தும், ரெண்டும் பேசுற பாஷை வேற. பழைய டெஸ்க்டொப் ஒண்டு பிடிச்சு அதுக்குள்ள பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் காட் போடுறதுதான் தலையிடி இல்லாத வழி. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில ஏறி இறங்கிக் கேளுங்கோ. விண்டோஸுக்கு வின்டிவி எண்ட இலவச மென்பொருள் காணும். வயர் குத்தேக்க கமராவையும் கொம்பியூட்டரையும் நிப்பாட்டி வையுங்கோ. கொம்பியூட்டரில குத்துற 6 பின் பக்கத்தில கரண்ட் இருக்கு. தலைகீழாய் அமத்திக் குத்தி என்ர சொந்தக் கமராவையே எரிச்சவன் நான்.

ரேப்பைப் போட முதல் அதின்ர முதுகில உள்ள சின்னப் பூட்டை "சேவ்" பக்கம் தள்ளுங்கோ. சிவப்புப் பட்டன் தவறுதலாய்ப் பட்டு அழிஞ்ச கலியாணங்கள் எனக்குத் தெரியும்.

ஹை8 வேற கதை, அது அனலொக் ரேப். சோனி 1999இல கொண்டுவந்த டிஜிட்டல்8 கமராக்கள் கனக்க பழைய ஹை8ஐயும் ஓட்டி ஃபயர்வயரால வெளிய தள்ளும். எல்லா மொடலும் இல்லை, பாத்து வாங்கவேணும்.

மூத்தவள், வெள்ளவத்தை

நன்றி அண்ணா. ஒரு மினி டிவி ரேப்பின்ர கண்ணாடியால பாக்க, சுத்தின ரேப்பின்ர விளிம்பில வெள்ளையாய் மாப் பூசின மாதிரி இருக்கு. துடைச்சுப்போட்டுப் போடலாமோ?

பழைய றேடியோ

போடவே போடாதீங்க! அது பூஞ்சணம். நீங்க கடற்கரைப் பக்கம், பூக்காம இருந்தாத்தான் அதிசயம். கமராவுக்குள்ள ரேப்பை வாசிக்கிற ஹெட் உருளை நிமிசத்துக்கு 9000 தரம் சுத்துது, ரேப்பில படம் பதிஞ்ச ஒரு கோட்டின்ர அகலம் வெறும் 10 மைக்ரோன். அந்தத் தூள் ஹெட்டில ஒட்டினா அடுத்துப் போடுற நல்ல ரேப்பின்ர படமும் சதுரம் சதுரமா உடையும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட காத்துப் புகாத டப்பாவில தனிய மூடி வைங்க. காஞ்சாலும் பூஞ்சணம் போகாது, கூட்டைக் கழட்டித் துடைக்கிறது கை பழகின ஆளின்ர வேலை. அரிசிக்குள்ள புதைக்கச் சொல்லி யாராவது வருவாங்க. அரிசி மா இன்னும் கேடு.

மூத்தவள், வெள்ளவத்தை

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். மச்சானின்ர பழைய டெஸ்க்டொப்பில காட் போட்டு 10 ரேப் எடுத்தாச்சு.

வின்டிவி ஃபைல் பேரிலயே எடுத்த நாளையும் நேரத்தையும் போடுது. சாமத்திய வீடு 28.08.2004, காலை 7.12 எண்டு வந்தது. அம்மா சண்டைக்கு வந்திட்டா, சுபநேரம் பத்துக்குப் பிறகுதானாம். படத்தை நிப்பாட்டிப் பாத்தம். தங்கச்சின்ர தலைக்கு மேல சுவர் மணிக்கூடு, பத்து பன்ரெண்டு. அப்பா கமராவில கட்டார் நேரத்தை மாத்தவே இல்லை. அந்த நேரம் எங்களுக்கும் கட்டாருக்கும் சரியா 3 மணித்தியால வித்தியாசம். 2006 ஏப்ரலிலதானே எங்கட மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினவை.

"மழை" ரேப்பைத் திரும்ப எடுத்தன், பாட்டில்லாமல். பதினாலு நிமிசம் பல்கனியால றோட்டும் வெள்ளமும். நடுவில ஒருக்கா மட்டும் அம்மாட்டக் கேக்கிறார்: "மூத்தவள் குடை கொண்டு போனவளே?"

பூஞ்சண ரேப் டப்பாவுக்குள்ள இருக்கு. ஹை8 ஓடுற டிஜிட்டல்8 கமரா ஆரிட்டயாவது இருந்தால், ரெண்டு நாள் வாடகைக்குத் தருவீங்களோ?