புதுப்பிப்பு: பால் மாதிரிக்கு ஒரு பாட்டில் போதாது

பச்சைப் பாலை ஒரே பாட்டிலில் எடுத்து பாக்டீரியா, சோமாட்டிக் செல் (மடியிலிருந்து பாலில் கலக்கும், பெரும்பாலும் வெள்ளையணுக்களான செல்கள்) இரண்டையும் எண்ண லேபுக்கு அனுப்பலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள்.

செல் எண்ணும் பாட்டிலில் ப்ரோனோபால் என்ற, பால் கெடாமல் காக்கும் மாத்திரை போடுவார்கள். அது கிருமியை வளரவிடாது; அதே பாலில் பாக்டீரியா எண்ணினால் குறைவாகத்தான் வரும். பாக்டீரியா எண்ண, இந்த மாத்திரை போடாத, ஸ்டெரிலைஸ் செய்த தனி பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரிக்குள் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேப் சேர வேண்டும். செல் மாதிரியை உறையவிடாதீர்கள், செல்கள் உடைந்துவிடும்.

இன்னொன்று. கேனை நன்றாகக் கலக்காமல் மேலாக முகந்தால், கொழுப்போடு மிதந்து வரும் செல்களும் பாட்டிலில் சேர்ந்து எண்ணிக்கை கூடிவிடும்.

செல் ஒரு மில்லிக்கு 2 லட்சத்துக்குள் இருந்து பாக்டீரியா மட்டும் எகிறினால், மாட்டைச் சந்தேகிக்கும் முன் கறவை இயந்திரத்தில் காம்பைப் பிடிக்கும் ரப்பர் லைனரின் வெடிப்பையும் பால் குளிரும் வேகத்தையும் பாருங்கள். இரண்டுமே ஏறினால் மடிநோயாக இருக்கலாம். காம்பு காம்பாகச் சோதியுங்கள்.