பிளட் பவுல்: முதல் அணியைப் பழைய எலும்புக்கூடுகளை வெட்டி ஒட்டியே செய்துவிடலாமா?

நாட்டிங்ஹாம்_நரி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நாட்டிங்ஹாமில் ஒரு கிளப்பில் செப்டம்பரில் பிளட் பவுல் லீக் தொடங்குகிறது. பேர் கொடுத்துவிட்டேன், அணிதான் இன்னும் கையில் இல்லை. (தெரியாதவர்களுக்கு: ஓர்க், எல்ஃப், பிணம் எல்லாம் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து ஆடினால் எப்படி இருக்கும், அதுதான் ஆட்டம், மேஜையில் பலகை விரித்து, சின்னப் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது. 1986-இல் பிரிட்டிஷ் பொம்மை விளையாட்டுக் கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது. 26-க்கு 15 கட்டம், பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கொண்டுபோய் வைப்பதைவிட எதிராளியின் மண்டையை உடைப்பதில்தான் பாதிப்பேருக்கு ஆர்வம்.)

அறைத்தோழன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஷூ பெட்டியில் 20 பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் இருக்கின்றன, ஈட்டியும் கேடயமுமாக. இவற்றை வைத்தே ஒரு பிண அணி தேற்றிவிடலாம் என்று நினைத்து நேற்று ராத்திரி ஒன்றை எடுத்து ஈட்டியை வெட்டினேன். ஈட்டியோடு மணிக்கட்டும் போய்விட்டது, கை எங்கேயோ கார்ப்பெட்டில் விழுந்தது, அரை மணி நேரம் போன் டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. மீதி 19-ஐத் தொடவே பயமாக இருக்கிறது.

முதல் அணிக்குப் பிணங்கள் சரிவருமா, இல்லை பேசாமல் மனிதர் அணிப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவதா? வெட்டி ஒட்டிய அணியை கிளப்பில் ஒப்புக்கொள்வார்களா?

பெரியப்பா_பிளிட்சர்

தம்பி, முதலில் கத்தியைக் கீழே வை. பேப்பரில் பட்டியலை எழுது, அதற்கு அப்புறம்தான் வெட்டுவது. நான் 1994-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஆட ஆரம்பித்தவன், அன்றிலிருந்து அரைகுறையாக நிற்கும் அணிகள் என் வீட்டில் நாலு இருக்கின்றன, நாலுமே பட்டியல் போடாமல் ஆசைக்கு வெட்டியவை.

பிணங்கள் புதியவனுக்கு நல்ல அணி. அடிபட்டு வெளியே போகிறவர்களில் பெரும்பாலானோர் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் எழுந்து வந்துவிடுவார்கள், அதனால் கற்றுக்கொள்ளும்போது செய்யும் தப்புக்கெல்லாம் ஆள் சாகாது. 2020 பதிப்பில் கூல்களுக்கு (பிணம் தின்னிகள், அணியின் ஓட்டக்காரர்கள்) மட்டும் அந்த வரம் கிடையாது. வைத்தியரையும் இந்த அணி அமர்த்த முடியாது, அதனால் கூல் போனால் போனதுதான்.

2020 பதிப்புக் கணக்கு சொல்கிறேன். (கிளப் எந்தப் பதிப்பில் ஆடுகிறது என்று கேட்டுக்கொள், விலையெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.) கையில் 10 லட்சம் பொற்காசு. மம்மி (கட்டுத்துணி சுற்றிய தடியர்கள்) இரண்டு 2,50,000. வைட் (செத்தும் சண்டை மறக்காத வீரர்கள்) இரண்டு 1,80,000. கூல் மூன்று 2,25,000. எலும்புக்கூடு ஐந்து 2,00,000. ரீரோல் (பகடையை மறுபடி உருட்டும் உரிமை) இரண்டு 1,40,000. மொத்தம் 9,95,000, ஆள் 12. இதில் ஐந்து எலும்புக்கூடும் இரண்டு வைட்டும் உன் பெட்டியிலேயே இருக்கிறார்கள். 12-இல் ஏழு! ஜோம்பியும் அதே 40,000 தான், கவசம் ஒரு படி கூட, வேகம் ஒரு படி கம்மி. இருப்பதை வைத்து ஆடு, ஜோம்பி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளப் விஷயம்: பெரும்பாலான கிளப்களில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீ இருப்பது நாட்டிங்ஹாம், என்றாவது வார்ஹாமர் வேர்ல்ட் (அந்தக் கம்பெனியே உங்கள் ஊரில் நடத்தும் கூடம்) போட்டிக்குப் போக ஆசை வரும், அங்கே கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் உருவங்கள் மட்டும்தான். வேறு கம்பெனி பொம்மைகளை வாங்கிச் சேர்ப்பதற்கு முன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்.

எதிரில் உட்கார்ந்திருப்பவன் ஒரு பார்வையில் "இது கூல், இது வைட்" என்று சொல்லவேண்டும். என்ன அழகாக வெட்டி ஒட்டினாலும் ஒவ்வொரு டர்னுக்கும் "இது யாரு?" என்று கேட்டால் அவனுக்கும் எரிச்சல், உனக்கும் எரிச்சல். முதுகில் எண் கட்டாயம் எழுது.

ரீரோல்_கடன்காரன்

மேலே சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன், மீதிக்கு இல்லை. மூன்று கூல் எதற்கு? நாலு போடுங்கள். மம்மி 2, வைட் 2, கூல் 4, எலும்புக்கூடு 3, ரீரோல் 2, 9,90,000-இல் முடிந்துவிடும். அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஏற்றவர்கள் கூல்கள்தான், வேகம் 7, நழுவும் திறமையும் இருக்கிறது. மம்மியின் வேகம் 3, அது நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

இன்னொன்று. அணி செய்து முடித்துவிட்டுத்தான் ஆடுவேன் என்று உட்காராதீர்கள். பாட்டில் மூடியில் "மம்மி", "கூல்" என்று மார்க்கரால் எழுதி வைத்து இரண்டு ஆட்டம் ஆடிப்பாருங்கள். இந்த அணி பிடிக்காமலே போகலாம். நான் முதலில் ஆசைப்பட்டது ஹாஃப்லிங் அணிக்கு, குட்டிக்குட்டி ஆட்களை எட்டு மாதம் உட்கார்ந்து பெயின்ட் அடித்தேன், ஒரு சீசனில் ஒரு டச் டவுன். பொம்மைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.

பெரியப்பா_பிளிட்சர்

11 பேரோடு இறங்கச் சொல்கிறாயா, அதுவும் புதியவனை? முதல் பாதியில் இரண்டு பேர் மயங்கி விழுந்தால் ஒன்பது பேரோடு நிற்பான். 12-ஆவது ஆள் வேண்டும். நாலாவது கூல் இரண்டு ஆட்டம் கழித்து வரட்டும்.

பசைக்கை

பட்டியல் சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அந்த மணிக்கட்டுக்கு வருகிறேன்.

நரி, கத்தியால் அழுத்தினால் எலும்புக்கூட்டின் கை உடையத்தான் செய்யும், தீக்குச்சியைவிட மெலிசு. தட்டைமுனை கட்டரால் ஈட்டியை முஷ்டிக்கு மேலேயும் கீழேயும் தள்ளி வெட்டுங்கள், மிச்சத்தைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். முஷ்டி தனியே வந்துவிட்டாலும் அழவேண்டாம். பிளாஸ்டிக் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள், அது இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். சூப்பர் குளூ வைத்தால் கீழே விழுந்த முதல் தடவையே விட்டுவிடும். (ரெசின், உலோகம் என்றால் கதை வேறு, அங்கே சூப்பர் குளூதான்.) ஒட்டிய இடத்தின்மேல் கிரீன் ஸ்டஃப்பில் (கீழே சொல்கிறேன்) மெலிசாக ஒரு பட்டை சுற்றுங்கள். விளையாட்டு வீரர்கள் மணிக்கட்டில் டேப் சுற்றுவார்களே, அப்படித் தெரியும். உடைந்த இடமும் மறையும், ஆளும் ஆட்டக்காரன் மாதிரி ஆகிவிடுவான்.

கிரீன் ஸ்டஃப் என்றால் ஒன்றுமில்லை, ஊரில் குழாய் ஒழுகினால் பிசைந்து அப்பும் எம்-சீல் வகையறாதான், என்ன, இது ரப்பர் மாதிரி வளையும், வேலை செய்ய ஒரு மணி நேரமாவது தரும். நீலமும் மஞ்சளும் சமமாக எடுத்துப் பிசையவேண்டும். பட்டையாக வந்தால் இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறிந்துவிடுங்கள், அங்கே முன்னமே இறுகி மணல் மணலாக இருக்கும். விரலையும் கருவியையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருங்கள்.

தோள்கவசம் இல்லாமல் அணி அணியாகத் தெரியாது. எல்லாம் ஒரே அளவில் வர என் வழி: துவரம்பருப்பு. வட்டப்பக்கம் மேலே இருக்கும்படி அட்டையில் வரிசையாக ஒட்டி, எண்ணெய் தடவி, மேலே கிரீன் ஸ்டஃப்பை மெலிசாகப் போர்த்துங்கள். காலையில் உரித்து ஓரத்தைச் சீவினால் குட்டிக் கிண்ணம் மாதிரி கவசம் ரெடி. ஏழு பேருக்குப் பதினான்கு, எப்படியும் நாலு பாழாகும், இருபது பருப்பு வையுங்கள்.

அப்புறம் நிற்கும் விதம். போர்ப்படைக்குச் செய்த பொம்மைகள், ரேஷன் கடை வரிசையில் நிற்பது மாதிரி விறைப்பாக நிற்கும். இடுப்பில் முதுகெலும்பு மட்டும்தானே இருக்கிறது, அங்கே வெட்டி, இரண்டு பக்கமும் துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி செருகி, உடம்பை முன்னால் சாய்த்துக் கொஞ்சம் திருப்புங்கள். பின்காலின் குதிகாலுக்குக் கீழே ஒரு சின்னக் கல். அவ்வளவுதான், ஓட ஆரம்பித்துவிடுவான். எல்லோருக்கும் இதைச் செய்யாதீர்கள், மூன்று பேர் ஓடினால் போதும். பேஸ் (பொம்மை நிற்கும் வட்டத் தட்டு) 32 மி.மீ., பழைய பொம்மைகள் சின்னப் பேஸில் இருந்தால் மாற்றவேண்டும்.

மம்மிக்கு எலும்புக்கூடு ஆகாது. பலம் 5 உள்ள ஆள், பார்த்ததுமே பயம் வரவேண்டும். செகண்ட் ஹேண்டில் பழைய ஓர்க் உடம்பு இரண்டு வாங்கி, தலையை எடுத்துவிட்டு உங்கள் பெட்டி மண்டை ஓட்டை வைத்து, மேலே கட்டுத்துணி சுற்றுங்கள். கிரீன் ஸ்டஃப்பை மெலிசாகத் தேய்த்து, அரை மணி நேரம் காயவிட்டு, அப்புறம் 2 மி.மீ. பட்டைகளாக வெட்டிச் சுற்றினால் விரலில் ஒட்டாது. கூல்களை மட்டும் வாங்கிவிடுங்கள், கூனிக்கொண்டு ஓடும் அந்த உடம்பைப் புதிதாகச் செய்வது முதல் அணிக்கு வேண்டாத வேலை.

நாட்டிங்ஹாம்_நரி

பெரியப்பா, பசைக்கை அக்கா, கடன்காரன், எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். பாட்டில் மூடிகளோடு இரண்டு ஆட்டம் ஆடினேன், இரண்டிலும் தோற்றேன், ஆனால் இந்த அணியேதான் என்று முடிவாகிவிட்டது. கூல் மூன்றுதான், 12 பேர். (இரண்டாவது ஆட்டத்தில் மூன்று மூடிகள் மைதானத்தை விட்டுப் போயின.)

பருப்பு யோசனை நன்றாக வேலை செய்தது. பதினாறு கவசம் தேறியது. முதல் தடவை எண்ணெய் தடவ மறந்து, பருப்போடு சேர்ந்து இறுகி, இரண்டு பேர் தோளில் பருப்பைச் சுமந்துகொண்டுதான் ஆடப்போகிறார்கள், மேலே பிரைமர் அடித்துவிட்டேன். வைட் இரண்டுக்கும் கொம்புத் தலைக்கவசம், பேஸ் ஓரத்தில் சிவப்பு. ஒரு மம்மி முடிந்தது, இன்னொன்று உலர்கிறது, சமையலறை ஜன்னலில் நிற்கிறது, வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தொலைந்த கை கிடைக்கவே இல்லை. அவனை அப்படியே ஒற்றைக் கையோடு 7-ஆம் எண்ணாக இறக்கலாமா, பந்து எடுக்க விதி தடுக்குமா?

பெரியப்பா_பிளிட்சர்

விதிப்புத்தகம் கையை எண்ணாது தம்பி. எலும்புக்கூடு பந்தை எடுக்க 4 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், இரண்டு கை இருந்தாலும் பாதி நேரம் கோட்டைதான் விடுவான். இறக்கு.