புதுச் செயின் மாட்டியும் கோணலாக அறுக்கிறது: தப்பு பாரிலா, செயினிலா?

கொடுமுடி மஞ்சக்காட்டார்:
வணக்கமுங்க. என்னிடம் 58 சிசி பெட்ரோல் மரம் அறுக்கும் மிஷின் இருக்கிறது. வாங்கும்போதே 22 இன்ச் பாரோடு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடோடு, வந்தது. மூன்று வருஷமாக விறகுக்கு மட்டும்தான் ஓட்டுகிறேன். பெரும்பாலும் வேலிக்காத்தான், கொஞ்சம் வேம்பு, காற்றில் சாய்ந்த வேலாமரம். மாசி பங்குனியில் மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் வண்டி வந்து நின்றுவிட்டால் விறகு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய செயினில் பல் தேய்ந்து அடிக்கோடு வரைக்கும் வந்துவிட்டது. போன வாரம் கடைக்குப் போய் “22 இன்ச் செயின் கொடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தேன். சுலபமாக மாட்டியது. ஆனால் கட்டையில் வைத்தால் நேராக இறங்காமல் வலப்பக்கம் வளைந்துகொண்டே போகிறது. பாதி இறங்கியதும் பார் இறுகிப் புகை வருகிறது. செயினைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது. பார் போய்விட்டது, அதையும் மாற்று என்கிறார்கள். மாற்றுவதானால் எந்த அளவு வாங்குவது?

பொள்ளாச்சி தோப்பு:
எனக்கும் வலப்பக்கம் இழுத்தது. நான் அரம் போடும்போது ஒரு பக்கத்துப் பற்களை அதிகமாக ராவிவிட்டேன். எந்தப் பக்கம் பல் நீளமாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கமே செயின் இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு ராவிய பிறகு சரியானது. பாரை மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

காங்கயம் ஒர்க்‌ஷாப்:
தோப்புக்காரர் சொல்வது சரிதான், ஆனால் இது இன்னும் அரமே படாத செயின். அதனால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். அண்ணா, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பாரின் வால்பக்கம், மிஷினோடு சேரும் இடத்தில், எண்கள் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படியுங்கள். அப்புறம் செயினில் பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் கீழ்ப்பல், அதாவது டிரைவ் லிங்க், அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன எண் இருக்கும். பழையது, புதியது இரண்டிலும் பாருங்கள். கடைசியாக, பழைய செயினை அதே பாரில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். அது ஆடாமல் உட்கார்ந்தால் பார் மேல் குற்றமில்லை.

கொடுமுடி மஞ்சக்காட்டார்:
பார்த்துவிட்டேனுங்க. பாரில் .325, .058, 86 என்று இருக்கிறது. இரண்டு செயினும் ஓரிகன் கம்பெனிதான். பழையதில் 21, புதியதில் 20. பழைய செயினை மாட்டினால் மிக லேசாகத்தான் ஆடுகிறது.

காங்கயம் ஒர்க்‌ஷாப்:
கிடைத்துவிட்டது. உங்கள் பாருக்கு 21 தான் வேண்டும், 20 அல்ல.

செயினை இன்ச் சொல்லி வாங்கவே கூடாது. இன்ச் என்பது பாரின் நீளம். செயினுக்கு மூன்று எண் உண்டு. முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து பாதியாக்கினால் வருவது. உங்களுடையது .325, அதாவது மூன்று ரிவெட்டுக்குப் பதினாறரை மில்லிமீட்டர். இதுவே 19 மில்லிமீட்டர் பக்கம் வந்தால் அது 3/8 செயின், உங்கள் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தில், பொருந்தாது. இரண்டாவது கேஜ்: கீழ்ப்பல்லின் தடிமன். மூன்றாவது கீழ்ப்பல் எண்ணிக்கை.

.325 பிட்சில் ஓரிகன் 20 என்றால் கேஜ் .050 இன்ச், 21 என்றால் .058, 22 என்றால் .063. மில்லிமீட்டரில் 1.3, 1.5, 1.6. உங்கள் பாரின் காடி 1.5. அதில் 1.3 போட்டிருக்கிறீர்கள். தடிமனானது காடிக்குள் போகாது, அப்போதே தெரிந்துவிடும். மெலிசானது போய்விடும், அதுதான் ஏமாற்றும். பிட்சும் எண்ணிக்கையும் ஒத்துப்போனதால் சந்தேகமே வரவில்லை. 0.2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த இடைவெளியில் செயின் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறது. சாய்ந்த பல் சாய்வாகத்தானே கடிக்கும்? வெட்டு வளைகிறது, பார் வளையாது, உரசிப் புகைகிறது. அந்தச் செயினை இனி ஓட்டாதீர்கள், நல்ல பாரின் விளிம்பையும் தின்றுவிடும்.

பட்டை அரம் எடுத்து பாரின் இரண்டு விளிம்பிலும் எழும்பியிருக்கும் பிசிரைத் தேய்த்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள். பல்லில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயினும் சீக்கிரம் கெடும்.

கொடுமுடி மஞ்சக்காட்டார்:
ரொம்ப நன்றிங்க தம்பி. 21 வாங்கிக்கொள்கிறேன். 22 இன்ச் பாரையே வைத்துக்கொள்வதா, சின்னதுக்குப் போவதா? வெட்டுவது முக்கால்வாசி ஒரு சாண் கனம்தான். கடையில் ஃபுல் சிசல் செயின் வேகமாக இறங்கும் என்கிறார்கள்.

கோபி வாய்க்கால்:
விறகுக்கு 18 இன்ச் போதும், நான் மாற்றி நிம்மதியாக இருக்கிறேன். 22 இன்ச் பாரில் மூக்கு, அதாவது முன்நுனி, நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் கிடக்கும் கட்டையைத் தொட்டுவிடுகிறது. மூக்கின் மேல்பாதி ஓடும்போது எதையாவது தொட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். விறகுக் குவியலில் இதுதான் பெரிய ஆபத்து. நீளம் குறைந்தால் மிஷின் இழுவையும் கூடுகிறது, ஆயிலும் நுனி வரை போய்ச் சேர்கிறது.

இந்த மிஷின்களுக்கு .325, .058 இல் 18 இன்ச் பாருக்கு வழக்கமாக 72 கீழ்ப்பல், 20 இன்ச்சுக்கு 76. ஆனால் 20 இன்ச்சிலேயே 80 கேட்கும் பாரும் உண்டு. பாரில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

செயின் செமி சிசலே எடுங்கள். ஃபுல் சிசல் பல்லின் மூலை கூராக இருக்கும். சுத்தமான பச்சை மரத்தில் வெண்ணெய் மாதிரி இறங்கும். நம் வேலிக்காத்தான் காய்ந்தால் இரும்பு, போதாததற்கு மண்ணில் இழுத்து வந்து போடுகிறோம். அந்த மூலை அரை மணி நேரத்தில் மழுங்கும். செமி சிசலில் மூலை உருண்டை, கொஞ்சம் மெதுவாக இறங்கினாலும் கூர் நிற்கும். அரம் 4.8 மில்லிமீட்டர் ரவுண்டு. சீவல் வராமல் மாவாகக் கொட்டினால் அரம் கேட்கிறது என்று அர்த்தம்.

பொள்ளாச்சி தோப்பு:
தென்னைக்கும் செமி சிசல்தான் தாங்குகிறது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் இரும்புத் தூளே பாரை அரைக்கும், கையில் படுவதும் கெடுதல். செயின் ஆயில் கிடைக்காத நாளில் புது என்ஜின் ஆயில் போடலாம். ஆயில் வருகிறதா என்று பார்க்க, காய்ந்த அடிக்கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மூக்கு இருக்கும்படி மிஷினைப் பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். கோடு மாதிரி தெறித்து விழ வேண்டும்.

காங்கயம் ஒர்க்‌ஷாப்:
வேலை முடிந்ததும் செயினை ஒரு திருப்பு தளர்த்திவிடுங்கள் அண்ணா. சூட்டில் நீண்ட செயினை இறுக்கியிருப்பீர்கள். ஆறும்போது அது சுருங்கி பாரையும் கிராங்க் ஷாஃப்டையும் இழுக்கும்.

கொடுமுடி மஞ்சக்காட்டார்:
18 இன்ச் பார், 72 பல், 21 நம்பர் செமி சிசல் செயின் வாங்கி மாட்டினேன். மாட்டும் முன் செயினை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப்போட்டேன், ஐந்து நிமிஷம் ஓட்டி மறுபடி இறுக்கினேன். நேற்று வாய்க்கால் ஓரத்து வேலிக்காத்தான் ஒன்றரை டிராக்டர் டிரெய்லர் அறுத்தாயிற்று. வெட்டு நூல் பிடித்த மாதிரி இறங்குகிறது, புகை இல்லை. அரம் இரண்டே முறைதான் போட்டேன்.

அந்த 20 நம்பர் செயின், 86 பல், சும்மா கிடக்கிறது. ஓட்டிய செயின் என்பதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. .325 பிட்சில் .050 பார் வைத்திருக்கிறவர்கள், அதே எண்ணிக்கை என்றால் கேளுங்கள், கொடுத்துவிடுகிறேன்.